முதலைக்கு அர்த்தம் என்ன?

சரவாக் போய் வருகிறவர்கள் 'புவா கும்பு' துணி வாங்கி வருகிறார்கள். கூடவே ஒரு சீட்டு: இந்த உருவம் முதலை, அர்த்தம் வீரம் என்கிற ரீதியில். அதைக் கிழித்துப் போடுங்கள் என்பது என் கட்சி.

முப்பது வருஷம் கோப்புகளுக்குத் தலைப்புப் போட்டவன் நான். தலைப்புப் போட்டுவிட்டால் உள்ளே பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை.

இபான் மக்கள் இறந்தவரைக் கிடத்திய இடத்தை இத்துணியால் மறைப்பார்கள். போரில் கொய்து வந்த தலையை ஒரு காலத்தில் இதில்தான் ஏந்தினார்கள். நெசவுக்கு முன், பாவு நூலில் சாயம் பிடிக்கப் பதப்படுத்தும் சடங்குக்கே 'பெண்களின் போர்' என்று பெயர். புது உருவம் கனவில் வர வேண்டும். வலிய உருவத்தை அனுபவமில்லாத கை நெய்தால் உயிருக்கே ஆபத்து என்று நம்பினார்கள். ஆக, முதலைக்கு என்ன அர்த்தம் என்பதா கேள்வி? அதை நெய்யும் தகுதி யாருக்கு என்பதுதானே!

1936-இல் ஹேடனும் ஸ்டார்ட்டும் உருவங்களுக்குப் பெயர் குறித்து நூலே போட்டார்கள். பின்னாளில் நெசவாளப் பெண்களிடமே போய் ஆராய்ந்த டிராவுட் கேவின், இவை எழுத்துப்போல் வாசிக்க வேண்டியவை அல்ல என்று வாதிட்டார். அவர் கட்சிதான் எனக்கும்.

அடுத்த முறை கடையில் அர்த்தம் கேட்காதீர்கள். நெய்த அம்மாள் பெயரைக் கேளுங்கள். சீட்டில் அதுதான் விட்டுப்போகிறது.