உண்ண மறுக்கும் பிள்ளையும் மூளையின் படமும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்த வேளையில், ஓர் அன்னையார் நம்மைத் தனியே அழைத்துப் பேசினார். கல்லூரியில் பயிலும் அவருடைய மகள் சில மாதங்களாக உணவைக் குறைத்துக்கொண்டே வந்து, இப்பொழுது இரண்டு கவளத்தோடு இலையை விட்டு எழுந்துவிடுகிறாளாம். துரும்பாய் இளைத்த பின்னும், தான் பருத்திருப்பதாகவே சொல்கிறாளாம். ஊரிலிருந்து வந்த உறவினரோ, “பிடிவாதம், வளர்த்த விதம் சரியில்லை” என்று கூறிப் போய்விட்டனர். “மூளையைப் படம் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடுமா?” என்று கேட்கையில் அவருடைய கண்கள் கலங்கின. அவ்வினாவுக்கு இயன்றவரை இங்கே விடை கூறுகிறோம்.

இந்நோய் புதியதன்று. 1873-ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இதனை விவரித்து, ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்று பெயரிட்டார். ஆடவரையும் இது பற்றும். எனினும் இளம் பெண்களிடையேதான் மிகுதி. அந்நாளில் மூளைக்குள் நடப்பதைக் காண வழியில்லை. 1990-இல் செய்ஜி ஓகாவா என்னும் ஜப்பானிய அறிஞர் அதற்கொரு வழி காட்டினார். பிராணவாயு நிறைந்த இரத்தத்தின் காந்தத் தன்மை வேறு. அதனை இழந்த இரத்தத்தின் தன்மை வேறு. இவ்வேற்றுமையைக் கொண்டு, மூளையின் எப்பகுதி எப்போது உழைக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. கருவியால் அறியலாம்.

அமெரிக்காவில் வால்டர் கேய் குழுவினர், இந்நோயிலிருந்து மீண்ட பெண்களின் நாவில் சர்க்கரைக் கரைசலை இட்டுப் படம் எடுத்தனர். சுவையை உணரும் ‘இன்சுலா’ என்ற பகுதி, மற்றப் பெண்களைவிட அவர்களிடம் மந்தமாகவே கிளர்ந்ததென 2008-இல் வெளியிட்டனர். 2015-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர், நோயுற்ற 21 பேரையும் நலமுள்ள 21 பேரையும் உணவுப் பண்டங்களைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். நோயாளிகள் தேர்ந்தெடுக்கையில், பழக்கத்தைப் பதியவைக்கும் ‘ஸ்ட்ரையேட்டம்’ என்ற பகுதியின் மேற்கூறு மிகுதியாக உழைத்தது. உணவை விலக்குவது நாளடைவில் பழக்கமாக இறுகிவிடுகிறது என்ற கருத்துக்கு இது வலுவூட்டுகிறது. அதட்டினால் பழக்கம் அகலுமா?

2022-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுகூடி, நோயுற்ற 685 பெண்களின் படங்களை நலமுள்ள 963 பெண்களின் படங்களோடு ஒப்பிட்டனர். நோயாளிகளின் மூளைப் புறணி மெலிந்திருந்தது. ஆனால் உடல் எடையை ஓரளவு மீட்டவர்களிடம் அம்மெலிவு குறைவாகவே காணப்பட்டது. நம்பிக்கைக்கு இடமுண்டு என்பதையே இது காட்டுகிறது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. மூளை மாறியதால் பட்டினியா, பட்டினியால் மூளை மாறியதா என்பதை இப்படங்கள் முற்றும் பிரித்துக் காட்டவில்லை. பலரின் படங்களைச் சேர்த்துக் கண்ட உண்மையை ஒரு பிள்ளையின் படத்தில் தேட இயலாது. வேறு நோய் உண்டோ என ஐயுற்று மருத்துவர் கேட்டாலன்றி, அன்னையார் பொருள் செலவழித்துப் படம் எடுக்க வேண்டியதில்லை. எடை, நாடி, இரத்தப் பரிசோதனை, பிள்ளையோடு பொறுமையான உரையாடல் ஆகியவற்றால்தான் மருத்துவர் இந்நோயை அறிகிறார்.

தாமதம் மட்டும் கூடாது. இந்நோய் இதயத்தையும் தாக்கும். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மிகுதியாக ஊட்டுவதும் ஆபத்தாதலால், மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது. இளம் பிள்ளைகளுக்கு, பெற்றோரையே துணையாகக் கொண்டு உணவூட்டும் சிகிச்சை முறையொன்று லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவாகி, இன்று பல நாடுகளில் வழங்குகிறது. அதில் தாய் குற்றவாளியல்லள், வைத்தியருக்கு வலக்கை.

அயலூரில் மொழி தெரியாமல் தயங்குவோர், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அவ்வன்னையாரிடமும் இதையே கூறினோம். உறவினரின் பழிச்சொல்லை மறந்து, மகளின் கையைப் பற்றிக்கொண்டு, இவ்வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள் என்று வேண்டிக்கொண்டோம். இத்தகைய கவலையை மனத்துள் அடக்கிவைத்திருக்கும் ஏனைய இல்லத்தாருக்கும் நாம் வேண்டுவது அதுவே.