விதையின் மேல் பழி போடாதீர்கள்!

சரக்கொன்றை மரத்தில் கறுத்த குழல்போல் நீண்ட நெற்றுகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் அந்த நெற்றை அப்படியே மண்ணில் புதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள். முளைக்காவிட்டால், "சொத்தை விதை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்புத் தவறு என்பதே என் கருத்து.

நெற்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே குறுக்குத் தடுப்புகள் வரிசையாக இருக்கும். அறைக்கு ஒரு விதை. சுற்றிலும் ஒட்டும் கறுப்புச் சதை. (சதையைச் சுவைக்காதீர்கள், பேதியாகும்!) இந்த நெற்று தானாக வெடிப்பதில்லை. காட்டில் குரங்கும் நரியும் கரடியும் சதைக்காக அதை உடைக்கின்றன. நம் தெருவில் கரடிக்கு எங்கே போவது? அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

விதையை வெளியே எடுத்தால் மட்டும் போதுமா? போதாது. அதன் தடித்த மேல்தோல் நீரை உள்ளே விடாது. நீர் புகாமல் கரு வளரத் தொடங்காது.

இதை நீங்களே சோதிக்கலாம். வண்டு துளைத்த விதைகளை நீக்கிவிட்டு 40 நல்ல விதைகளைக் கழுவி எடுங்கள். 20 விதைகளை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து, தோலில் ஓரிடத்தில் உள்நிறம் தெரியும்படி செய்யுங்கள். காம்பு ஒட்டியிருந்த முனையைத் தேய்க்காதீர்கள். முளை கிளம்பும் இடம் அது. இரு பங்கையும் தனித்தனியே ஓர் இரவு ஊறவையுங்கள். தேய்த்தவை பருத்திருக்கும், மற்றவற்றில் பெரும்பாலானவை அப்படியே கிடக்கும். பிறகு உடைக்காத நெற்றுத் துண்டு ஒன்றையும் சேர்த்து, மூன்றையும் தனித்தனித் தொட்டிகளில் விதைத்து நாள்தோறும் எண்ணி வாருங்கள்.

அப்படியானால் கெட்டித் தோல் ஒரு குறையா? இல்லவே இல்லை! எல்லா விதைகளும் முதல் தூறலிலேயே முளைத்துவிட்டால், அடுத்து வரும் வெயிலில் அத்தனையும் கருகிவிடும். தோல் மெல்ல மெல்லத் தளர்வதால் சில இந்த ஆண்டும், சில பின்வரும் ஆண்டுகளிலும் முளைக்கின்றன. ஆகவே, தினம் நீர் ஊற்றும் நாற்றங்காலுக்குத் தேய்த்த விதை. தரிசு நிலத்துக்குத் தேய்க்காத விதையும் கலந்திருக்கட்டும். புங்கனுக்கோ இந்தச் சிரமமே இல்லை. விதையை எடுத்துப் புதிதாக ஊன்றினாலே போதும். மரத்துக்கு மரம் முறை வேறு.

இப்போது விழாக்களில் விதைப்பந்துகளை வீசி, "இத்தனை ஆயிரம் வீசினோம்" என்று பெருமைப்படுகிறோம். ஆர்வம் நல்லதுதான். ஆனால் "எத்தனை முளைத்தன?" என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? உங்கள் பள்ளியில் அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். வீசியதை எண்ணுவது விளம்பரம்; முளைத்ததை எண்ணுவதே அறிவியல்!