வினைமுதல் இல்லாத வாக்கியங்கள்

2015இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து மாணவன் ஒருவன், தன் புவியியல் பாடநூலின் வரைபடக் குறிப்பொன்றைப் படமெடுத்துத் தாய்க்கு அனுப்பினான். அட்லாண்டிக் அடிமை வணிகம் ஆப்பிரிக்காவிலிருந்து இலட்சக்கணக்கான ‘தொழிலாளர்களை’த் தோட்டங்களில் வேலைசெய்யக் கொண்டுவந்தது என்றது அக்குறிப்பு. தாயின் எதிர்ப்பு இணையத்தில் பரவியபின் பதிப்பகம் தவற்றை ஒப்புக்கொண்டது.

தொழிலாளிக்குக் கூலி உண்டு. விலகிச் செல்லும் உரிமையும் உண்டு. ஆனால், மொழியியல் பயில்பவர் என்ற முறையில் என்னை அச்சொல்லைவிட எழுவாயே அதிகம் உறுத்துகிறது. கொண்டுவந்தது ‘வணிகம்’. பிடித்தவர், விற்றவர், வாங்கியவர் எவரும் அவ்வாக்கியத்தில் இல்லை.

புளோரிடா, ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று 1994இலேயே சட்டம் இயற்றிய மாநிலம். அங்கு 2023இல் ஏற்கப்பட்ட பாடத்திட்டமோ, அடிமைகள் வளர்த்துக்கொண்ட திறன்கள் சில வேளைகளில் அவர்களுக்கே பயன்பட்டதையும் கற்பிக்கச் சொன்னது. கொடுமையைச் சொல்லும்போது மறைந்த எழுவாய், பயனைச் சொல்லும்போது மட்டும் அடிமையின் உருவில் திரும்பி வருகிறது.

ஆகவே, பாடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது. செய்தவரைச் சொன்னால் இன்றைய வெள்ளையினப் பிள்ளைகள் குற்றவுணர்வில் வாடுவர் என்போர் உண்டு. அன்று செய்தவரைச் சுட்டுவது இன்று படிப்பவர்மீது பழி சுமத்துவதாகாது. அதே வகுப்பில், தன் முன்னோரைத் ‘தொழிலாளர்’ என்று படிக்க நேர்ந்த பிள்ளையும் அமர்ந்திருக்கிறது.

நாமும் ‘அடிமை’ என்பதற்கு மாற்றாக ‘அடிமையாக்கப்பட்டவர்’ என்று எழுதிப் பார்க்கலாம். படிப்பவர் உடனே ‘யாரால்?’ என்று கேட்பார். அதற்கு விடை சொல்வதே வரலாற்று வகுப்பின் கடமை.