திடீர் மெயில், முடங்கும் லேப்டாப்: வேலைநீக்கத்துக்கு முன்னறிவிப்பு கட்டாயமா? சட்டம் என்ன சொல்கிறது?

காலையில் லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து இன்னொரு முறை முயன்று பார்க்கிறார். சற்று நேரத்தில் சொந்த இ-மெயிலுக்கு ஒரு கடிதம் வருகிறது: இன்றோடு வேலை முடிந்தது.

2022 நவம்பரில் ட்விட்டர் ஊழியர்கள் பலருக்கு இதுதான் நடந்தது. எலான் மஸ்க் கைக்கு நிறுவனம் வந்து சுமார் ஒரு வாரத்தில், ஏறக்குறைய பாதிப் பேர் வெளியேற்றப்பட்டார்கள். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைத்தது. 2025 ஜூலையில், ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக டிசிஎஸ் அறிவித்தது.

ஆட்குறைப்பே கூடாது என்று சட்டங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. ஆனால், "போகச் சொல்றது சரி, கொஞ்சம் முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்ற ஊழியர்களின் கேள்விக்குப் பதில் இருக்கிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

நிறுவனங்கள் ஏன் முன்கூட்டியே சொல்வதில்லை?

நிறுவனங்கள் தரப்பில் சில காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, தகவல் பாதுகாப்பு. வேலை போகப்போகிறது என்று தெரிந்தவர் கையில் வாடிக்கையாளர்களின் தரவும், மென்பொருள் குறியீடும் இருப்பது ஆபத்து என்கிறார்கள். இரண்டாவது, பட்டியலில் இல்லாத திறமைசாலிகளும் பயந்து வேறு வேலை தேடிக்கொள்வார்கள் என்ற கவலை. மூன்றாவது, பங்குச் சந்தை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் இப்படிப்பட்ட தகவல் முன்கூட்டியே கசிவது சட்டச் சிக்கலில் கொண்டு போய் விடலாம்.

இவற்றில் முதல் காரணத்துக்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. கணினி அனுமதியை நிறுத்திவிட்டு, அறிவிப்புக் காலம் முழுவதும் சம்பளம் கொடுப்பது. கூகுள் 2023-ல் அமெரிக்க ஊழியர்களுக்குக் குறைந்தது 60 நாள் அறிவிப்புக் காலச் சம்பளம் தருவதாகச் சொன்னது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் சிக்கலானது. 12,000 பேர் போவார்கள் என்று டிசிஎஸ் அறிவித்த நாளில், அந்தப் பட்டியலில் தாங்கள் இருக்கிறோமா என்பது அங்கே வேலை செய்த ஆறு லட்சம் பேருக்கும் தெரியாது. எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு, யார் என்று சொல்லாமல் விட்டால், அது பயத்தை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பதாகவே முடியும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

நாம் பொதுவாக 'லே-ஆஃப்' என்று சொல்வதும், சட்டம் சொல்வதும் வேறு வேறு. இந்தியச் சட்டத்தில் லே-ஆஃப் என்பது மூலப்பொருள் இல்லை, மின்சாரம் இல்லை என்பது போன்ற காரணங்களால் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை. நிரந்தரமாக அனுப்புவதற்குப் பெயர் 'ஆட்குறைப்பு'.

1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த விதிகள், 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் பெரும்பாலும் தொடர்கின்றன. முக்கிய அம்சங்கள் இவை:

• ஓராண்டு தொடர்ச்சியாக வேலை செய்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்ய, காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத எழுத்துப்பூர்வ அறிவிப்பு தர வேண்டும். அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும்.

• முடித்த ஒவ்வோர் ஆண்டு பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும்.

• கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. அதை மீறினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

• பெரிய தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்றால் மூன்று மாத அறிவிப்பும், அரசின் முன் அனுமதியும் தேவை. முன்பு 100 தொழிலாளர்கள் இருந்தாலே இந்த விதி பொருந்தும். இப்போது அந்த வரம்பு 300.

• ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் 15 நாள் ஊதியத்தை, மறுதிறன் நிதிக்கு நிறுவனம் செலுத்த வேண்டும். இது புதிய சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

ஐ.டி. ஊழியர்களுக்கு இது பொருந்துமா?

இங்கேதான் சிக்கல். இந்தப் பாதுகாப்பு சட்டப்படி 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டுமே. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதில் வர மாட்டார்கள். ஒருவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் கணக்கு. பதவியின் பெயரில் 'மேனேஜர்' என்று இருப்பதாலேயே அவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார். ஆனால், அதை நிரூபிக்க வழக்காட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத அறிவிப்பும் அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இதிலும் விலக்கு உண்டு.

'நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள்' என்றால்?

சட்டத்தைத் தாண்டிப் போக நிறுவனங்கள் சிலவற்றுக்குக் கைகொடுப்பது இதுதான். ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "நீங்களே பேப்பர் போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் நல்லபடியா வரும். இல்லைன்னா டெர்மினேஷன்னு போட வேண்டியிருக்கும்" என்று சொல்வது. அடுத்த வேலை கெட்டுவிடுமே என்ற பயத்தில் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

தாமாக ராஜினாமா செய்தால், அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது. அதற்கான இழப்பீடும் கிடையாது, அறிவிப்பும் கிடையாது. கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று வாதாடலாம். அதற்கு இ-மெயில், மெசேஜ் போன்ற ஆதாரம் வேண்டும். வாயால் சொன்னதை எழுத்தில் கேட்டு வாங்குவதும், அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாமல் அவகாசம் கேட்பதும் அதனால்தான் முக்கியம்.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 1988-ல் கொண்டுவரப்பட்ட 'வார்ன்' சட்டம், 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்தால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது. ஹெச்-1பி விசாவில் இருக்கும் இந்தியர்களுக்கு இந்த நாட்கள் மிக முக்கியம். வேலை முடிந்த பிறகு, புது நிறுவனம் தேட அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அறிவிப்புக் காலத்தில் ஊழியராகவே நீடித்தால், அந்த 60 நாள் பிறகுதான் தொடங்கும்.

பிரிட்டனில் 100 பேர் அல்லது அதற்கு மேல் நீக்குவதாக இருந்தால், 45 நாட்களுக்கு முன்பே தொழிற்சங்கத்தோடு அல்லது ஊழியர் பிரதிநிதிகளோடு கலந்தாலோசிக்க வேண்டும். ஆனால் 2022 மார்ச்சில் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் கப்பல் நிறுவனம், பதிவு செய்யப்பட்ட ஒரு வீடியோ மூலம் சுமார் 800 பேரை நீக்கியது. கலந்தாலோசிக்க வேண்டும் என்று தெரிந்தே அதைச் செய்யவில்லை என்று நாடாளுமன்றக் குழு முன்பு அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். சட்டத்தை மதிப்பதைவிட இழப்பீடு கொடுப்பது லாபம் என்று கணக்குப் போட்டால், சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

முன்னறிவிப்பால் என்ன லாபம்?

இதற்குப் பதில் மறைமலை நகரில் இருக்கிறது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் ஆலை 2022-ன் நடுப்பகுதியில் மூடப்படும் என்று அப்போதே சொல்லப்பட்டது. வேலை போவதை அந்த அறிவிப்பு தடுக்கவில்லை. ஆனால், இடைப்பட்ட மாதங்களில் தொழிலாளர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள், போராடினார்கள். ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற சட்டக் கணக்கைவிட அதிக இழப்பீட்டுக்கு நிறுவனத்தைக் கொண்டுவர முடிந்தது. ஒரே இரவில் லேப்டாப் முடக்கப்பட்டவருக்கு அப்படிப் பேரம் பேசும் வாய்ப்பு இல்லை.

இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர் விலக நினைத்தால் 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் பீரியட் முடித்தாக வேண்டும். வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்க அவகாசம் வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அதே நிறுவனம் ஒருவரை அனுப்ப நினைத்தால், பணத்தைக் கொடுத்து அன்றே முடித்துக்கொள்ளலாம்.

பணம் கொடுத்தாகிவிட்டதே, பிறகென்ன என்று கேட்கலாம். வேலையில் இருந்துகொண்டே வேலை தேடுபவருக்கும், வேலை போன பிறகு தேடுபவருக்கும் நேர்காணலில் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல. பெற்றோரின் சிகிச்சைக்கு நம்பியிருந்த நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிகிறது. வீட்டுக் கடன் தவணை மட்டும் அடுத்த மாதம் 5-ம் தேதி வழக்கம்போல வந்து நிற்கும்.

ஒரு மாதச் சம்பளம் அந்தத் தவணையைக் கட்ட உதவும். புதிதாக வீட்டுக் கடன் வாங்குவதற்கு முன்பே, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே விஷயம் தெரிந்திருந்தால், அந்தக் குடும்பம் வேறு முடிவு எடுத்திருக்கும். அந்த வாய்ப்பைத்தான் ஊழியர்கள் கேட்கிறார்கள்.