எந்தத் தோட்டம்? யார் வீட்டுப் பிள்ளை?



வெளியூரிலிருந்து கோயிலுக்கு வரும் பிள்ளைகளைக் கண்டால் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "தமிழ் தெரியுமா?" இந்தக் கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வைக்கணும்னு அன்னதானக் கூடத்துல தொண்டு செய்ற நாங்க நினைக்கிறோம். ஏன்னு சொல்றோம், பொறுமையா படிங்க.

2014 முதல் 2024 வரைக்கும் ஜோகூர்ல வெள்ளி, சனிதான் வார விடுமுறை. சிங்கப்பூர்ல வேலை செய்ற நம்ம பிள்ளைங்களுக்கு சனி, ஞாயிறு. அவங்க வர்ற ஞாயிற்றுக்கிழமை இங்கே பள்ளி நாள். 2025 ஜனவரியிலிருந்து நமக்கும் சனி, ஞாயிறு ஆனதும் கூட்டம் மாறிடுச்சு. இப்ப ஞாயிறு பந்தியில பாதி முகம் நமக்குப் புதுசு. ரசம் வாளியோட போற எங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

போன மாசம் அந்தப் பந்தியில ஒரு குட்டிப் பொண்ணு, வயசு அஞ்சு இருக்கும். அப்பளம் வேணுமான்னு கேட்டதுக்கு ஆங்கிலத்துல பதில் சொன்னா. பக்கத்துல இருந்தவர், "என்னங்க, தமிழே சொல்லித் தரலையா?"ன்னு அவ தாத்தாகிட்ட சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டார். தாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். பரிமாறின எங்கள்ல ஒருத்தருக்கு அந்த முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கேட்டோம். யோங் பெங் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில எங்களோட மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சவர்! 55 வருஷம் கழிச்சு வந்திருக்கார்.

இளைய பிள்ளைகளுக்காக ஒரு விவரம். குடியுரிமை இல்லாதவங்க இந்த நாட்டுல வேலை செய்ய பெர்மிட் வேணும்னு 1968-ல் ஒரு சட்டம் வந்தது. அடுத்த வருஷமே அதைக் கண்டிப்பா நடைமுறைப்படுத்தினாங்க. பால்மரம் வெட்டின பல பேர் கையில இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நீல அட்டைக்கு மனு போட வழி தெரியாதவங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்க, "ஊருக்குப் போயிடுவோம், எதுக்கு அட்டை"ன்னு நாளைத் தள்ளினவங்க. ஆயிரக்கணக்கான பேர் கப்பல் ஏறினாங்க. எங்க நண்பரோட குடும்பமும் 1970-ல் ரஜுலா கப்பல்ல நாகப்பட்டினம் போய் இறங்கியது. அப்ப அவருக்கு ஒன்பது வயசு.

அப்பாவுக்கு அது சொந்த ஊர். பையனுக்கு வெளிநாடு! புதுக்கோட்டைப் பக்கத்து கிராமத்துல அவரை "மலேயாக்காரப் பய"ன்னுதான் கூப்பிட்டாங்களாம். கால்சட்டையை "சிலுவார்"னு சொன்னா வகுப்பே சிரிக்கும். ரப்பர் மரத்தைக் "கித்தா மரம்"னு சொன்னா வாத்தியாருக்கே புரியாது. "பேசுறது தமிழா இது"ன்னு கேட்டுக் கேட்டு, ரெண்டு வருஷம் வாயே திறக்கலையாம். தமிழ்நாட்டுல, தமிழ்ப் பிள்ளைகிட்ட கேட்ட கேள்வி அது. அதே கேள்வியை அவரோட பேத்திகிட்ட நம்ம பந்தியில கேட்டிருக்கோம்.

பேத்தி பிறந்தது சிங்கப்பூர்ல. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில பாடமும் உண்டு. அடுத்த ஓரிரு வருஷத்துல அவ எழுத்துக்கூட்டிப் படிச்சிடுவா. தமிழைப் பற்றிய கவலை எங்களுக்கும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா முதல் தடவை வாசல் மிதிக்கிற குழந்தைகிட்ட பரீட்சை வைக்கிற இடம் முருகன் சந்நிதி இல்லைங்க. ஒரு தடவை வெட்கப்பட்ட பிள்ளை அடுத்த தடவை கார்லயே உட்கார்ந்து போன் பார்க்கும்.

அன்னைக்கு நண்பர் எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டார். கைக்குழந்தையா இறந்துபோன அவரோட தம்பியை எங்கே புதைச்சாங்க? அவங்க அம்மா கடைசி காலம் வரைக்கும் அதைப் பற்றிப் பேசியே கண்ணை மூடினாங்களாம். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்களும் போய் ரொம்ப காலம் ஆச்சு. எங்களுக்கும் தெரியல. பூ கட்டிக்கிட்டிருந்த பாட்டிகிட்ட கூட்டிட்டுப் போனோம். எண்பது தாண்டினவங்க. அவங்க கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தோட்டம்? யார் வீட்டுப் பிள்ளை?"

அவர் சொன்னதும் பாட்டி பூவைக் கீழே வச்சாங்க. "கடைசி லயத்துப் பையன்தானே நீ? உன் தம்பியை ஆயாக்கொட்டகையில நான்தான்யா தூக்கி வச்சிருந்தேன்." ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய பாறையை ஒட்டி, தோட்டத்துச் சுடுகாட்டு மூலையிலன்னு இடம் சொன்னாங்க. மறுநாள் போனோம். செம்பனை மட்டைகளுக்கு நடுவுல அந்தப் பாறை இருந்தது. அவர் சூடம் ஏத்தினார். பேத்தி பூ வச்சா. எதுவும் பேசல, யாரும் பேசச் சொல்லவும் இல்ல.

அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவங்கள்ல இவ்வளவும் நினைவு வச்சிருக்கிறவங்க எங்களுக்குத் தெரிஞ்சு அந்தப் பாட்டி ஒருத்தர்தான். அவங்க தலையில இருக்கிறது எந்த ஏட்டிலும் இல்ல.

அதனால ஒரு வேண்டுகோள். புதுசா யார் வந்தாலும் பாட்டி கேட்ட கேள்வியைக் கேளுங்க. எந்த மொழியில பதில் வந்தாலும் வாங்கிக்கங்க. பிள்ளைங்க கையில வெங்காயமும் கத்தியும் கொடுக்க பயமா இருந்தா, இலை போடச் சொல்லுங்க, அது அஞ்சு வயசுக்கே வரும்.

வர்ற ஞாயிறு பந்தி முடிஞ்சதும் அன்னதானக் கூடத்துல ஒரு மேசை போடறோம். வீட்டுல இருக்கிற பழைய தோட்டத்துப் படங்கள், திருவிழாப் படங்களை எடுத்துட்டு வாங்க. போன்ல படம் பிடிச்சுட்டு அப்பவே திருப்பிக் கொடுத்துடுவோம். தோட்டத்துப் பேரும், படத்துல இருக்கிறவங்க பேரும் தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க, எழுதிக்கிறோம். நடக்க முடியாத பெரியவங்க வீட்டுக்கு நாங்களே வர்றோம், நேரம் மட்டும் சொல்லிடுங்க.