பரணில் ஒரு பெட்டி இருக்கிறதா?



ஆண்டு மலர் என்றால் கவிதை வரும், கடி ஜோக் வரும், 'வெற்றிக்குப் பத்துப் படிகள்' வரும். நான் எழுத வந்திருப்பது ஒரு செல்போனைப் பற்றி. அது இப்போது அம்மா மண்டபம் படித்துறைக்குக் கீழே, காவிரி மணலில் எங்கேயோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

போன ஆடிப்பெருக்கு அன்று நடந்தது. தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. படித்துறையில் நிற்க இடமில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு செல்ஃபி எடுக்கலாம் என்று கையை நீட்டினேன். பின்னாலிருந்து யாரோ லேசாக இடித்தார்கள். அவ்வளவுதான்! "டேய், போன் போச்சுடா!" என்று நான் கத்தியதைக் கேட்டு, பக்கத்தில் காப்பரிசி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் காவேரித் தாய்க்குக் காதோலை கருகமணி போடுவாங்க. நீ போனையே போட்டுட்டியாப்பா?" என்றார். நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

போனுக்காக அழவில்லை. அது மூன்றாண்டுப் பழசு, மூலையில் கண்ணாடி வேறு உடைந்தது. உள்ளே இருந்ததற்காகத்தான் வயிறு எரிந்தது. துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் இன்பிளான்ட் ட்ரெயினிங் போனபோது தினமும் எடுத்த குறிப்புகளும் படங்களும் அதில்தான் இருந்தன. அடுத்த வாரம் ரிப்போர்ட் வைக்க வேண்டும்! அதைவிடப் பெரியது ஒன்றும் போனது. எங்கள் அப்பாயி 1977 வெள்ளத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன்.

அந்த ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்த புயல் திருச்சியையும் விடவில்லை. பேய் மழை. ஊருக்குள் வெள்ளம். அப்போது அப்பாயி உறையூரில் இருந்தார். தண்ணீர் வாசப்படி ஏறும்போதே அப்பாயி செய்த முதல் காரியம், தகரப் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தது. அதில் வீட்டுக் கிரயப் பத்திரம், ரேஷன் கார்டு, தாத்தாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். "அரிசி மூட்டையை விட்டுட்டியே அப்பாயி?" என்று கேட்டேன். "அரிசி கடையில கிடைக்கும். பத்திரம் எந்தக் கடையில கிடைக்கும்?" என்றார். அதோடு விட்டாரா? தாத்தாவின் சர்டிபிகேட்டை டைப் அடித்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய 'ட்ரூ காப்பி' ஒன்று மண்ணச்சநல்லூரில் அவர் அண்ணன் வீட்டில் ஏற்கெனவே இருந்ததாம்!

நண்பர்களே, அப்பாயிக்கு 'பேக்கப்' என்ற வார்த்தை தெரியாது. ஆனால் அதன் மூன்று பாடங்களும் அவருக்குத் தெரிந்திருந்தன. எது போனால் திரும்ப வராதோ அதைத் தேர்ந்தெடு. தண்ணீர் வருவதற்கு முன் செய். இன்னொரு பிரதியை இன்னொரு ஊரில் வை. கம்ப்யூட்டர் லேப்பில் உட்கார்ந்து படிக்கும் எனக்குத் தெரியவில்லை!

எல்லாவற்றையுமா?

'பேக்கப் எடுக்கணும்' என்று சொன்னால் நம்மில் பலர் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறோம். "அதெல்லாம் யாரு பாக்குறது" என்பது ஒன்று. "போனே ஃபுல்லு, எதை எடுக்க, எதை விட?" என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் கிடைத்தால் முதல் சோம்பலும் பாதி போய்விடும்.

போனில் இருப்பதை மூன்று கூறாகப் பிரியுங்கள். முதலாவது, போனாலும் திரும்பக் கிடைப்பது. சினிமா, பாட்டு, ஆப், ஃபார்வர்டு வந்த 'காலை வணக்கம்' படங்கள். இதற்குப் பேக்கப் தேவையே இல்லை, அழித்தால் புண்ணியம். இரண்டாவது, திரும்பக் கிடைக்கும், ஆனால் அலைச்சல். தொடர்பு எண்கள், மதிப்பெண் சான்றிதழ், ஆதார் நகல் போன்றவை. 2015-இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் இதில் பலவற்றை எடுத்துக்கொள்ள முடியும். மூன்றாவது, என்ன விலை கொடுத்தாலும் கிடைக்காதது. நம் கையால் எடுத்த ரீடிங், புராஜெக்ட் படங்கள், கேட் டிராயிங், வீட்டுப் பெரியவர்களின் முகமும் குரலும். உங்கள் போனில் இந்த மூன்றாவது கூறு எவ்வளவு இருக்கும் என்று பிரித்துப் பாருங்கள். எனக்கு ஐந்து ஜி.பி.கூட வரவில்லை!

நம் ஸ்ரீரங்கத்திலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1323-இல் டெல்லி சுல்தானின் படை வந்தபோது நம்பெருமாளை ஊர் ஊராக எடுத்துச் சென்று காப்பாற்றியதும், 1371-இல் அவர் திரும்பி வந்ததும் நமக்குத் தெரிந்ததே. அதே கலவரத்தில், சுதர்சன சூரி எழுதிய 'சுருதப்பிரகாசிகை' என்ற உரையின் ஓலைச் சுவடியையும், அவருடைய இரு பிள்ளைகளையும் வேதாந்த தேசிகர் பிணங்களுக்கிடையே படுத்து மறைத்துக் காப்பாற்றினார் என்று வைணவ குருபரம்பரை சொல்கிறது. கோயிலில் எத்தனையோ பொன்னும் பொருளும் இருந்திருக்கும். அவர் எடுத்தது சுவடியை! மறுபடி செய்ய முடியாததை எடுத்தார். பக்தி உள்ளவர்கள் பக்தியாகப் படிக்கட்டும். நான் இதில் ஒரு நல்ல முடிவைப் பார்க்கிறேன்.

"அதான் கூகுள்ல ஏறிடுதே மச்சான்!"

விடுதியில் இதைப் பேசினால் உடனே வரும் பதில் இது. ஏறுகிறதா என்று பார்த்திருக்கிறோமா? கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து இவ்வளவுதான். போட்டோவுக்கு இருந்த வரம்பில்லாத சலுகை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் இந்தக் கணக்கிலேயே சேர்கிறது. ஆப்பிள் தருவது 5 ஜி.பி.தான். இடம் நிறைந்த அன்றே ஏறுவது நின்றுவிடும். ஒரு அறிவிப்பு வரும்; நாம் அதைத் தள்ளிவிட்டு ரீல்ஸ் பார்க்கப் போய்விடுவோம். என் கதையும் அதுதான். தொடர்பு எண்கள் திரும்ப வந்தன. படங்கள் மார்ச் மாதத்தோடு நின்றிருந்தன. அப்பாயியின் குரல் பதிவு தனி ஆப்பில் இருந்தது. அது ஏறவே இல்லை.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. போனும் மேகக் கணக்கும் ஒன்றையொன்று பார்த்து ஒத்துப்போவதைப் பலர் பேக்கப் என்று நினைக்கிறோம். இங்கே ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. தவறாக அழிப்பதிலிருந்தும் காப்பாற்றினால்தான் அது பேக்கப். அதனால்தான் துறை அறிந்தவர்கள் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். நமக்குக் கட்டுபடியாகும் வழி எளிதுதான். போனில் ஒன்று, மேகத்தில் ஒன்று, ஓ.டி.ஜி. வைத்த பென் டிரைவில் ஒன்று. அந்த பென் டிரைவ் விடுதிப் பையில் கிடக்காமல் ஊரில் அம்மாவின் பீரோவில் இருக்கட்டும்.

'வேறு இடம்' என்பதை லேசாக எண்ண வேண்டாம். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தகவல் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு எரிந்தது. அதற்கு வெளியே பிரதி இல்லை! தொழில்நுட்பத்தில் முன்னணி நாட்டுக்கே இந்த கதி.

எடுத்து வைத்தது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1998-இல் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகும்போது பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால், அது சரியாகப் பதிவாகியே இருக்கவில்லை! குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த கேலின் சஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. படம் பிழைத்தது.

"செத்த போனிலிருந்து எடுத்துத் தர்றாங்களே?" என்று இ.சி.இ. நண்பர்கள் கேட்கலாம். இப்போதைய போன்களில் மெமரியில் இருப்பது பூட்டுப் போட்டே எழுதப்படுகிறது. சிப்பை மட்டும் கழற்றிப் படித்தால் கிடைப்பது குப்பை. போர்டுக்கு உயிர் வந்து, நாமே பாஸ்வேர்டு போட்டால்தான் உண்டு. திருடனுக்கு எதிரான அந்தப் பூட்டு, போன் செத்த அன்று நமக்கும் எதிராக நிற்கும்.

சாவியும் கதவும்

பிரதி எடுத்தால் போதுமா? சாவி எங்கே? போன் தொலைந்தால் ஓ.டி.பி. வரும் எண்ணும் தொலைகிறது. எல்லாம் மேகத்தில் இருக்கும். உள்ளே போகத்தான் முடியாது! கூகுளில் இரட்டைச் சரிபார்ப்பு வைத்தவர்கள் பேக்கப் கோடுகளை எடுத்து, தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்புக்குப் பாஸ்வேர்டு பூட்டுப் போட்டிருந்தால் அதையும் எழுதி வையுங்கள். அது மறந்தால் அந்தக் கம்பெனியாலும் திறக்க முடியாது. *#06# அடித்தால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் அதே தாளில் குறியுங்கள். தொலைந்த போனை முடக்க சஞ்சார் சாத்தி தளத்தில் அது தேவைப்படும்.

ஒரு எதிர்க் கருத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள்: "ஒவ்வொரு காப்பியும் ஒரு கதவுடா. எத்தனை கதவைப் பூட்டுறது?" நியாயமான கேள்வி, முக்கியமாகப் பெண்களுக்கு. ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டருக்கு அனுப்பிய ஆதார் அங்கேயே கிடக்கிறது. நண்பன் லேப்டாப்பில் போட்டு வைத்த படங்கள் அவன் தம்பி கையிலும் போகும். அதனால்தான் சொல்கிறேன்: எல்லாவற்றுக்கும் பேக்கப் எடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. வெளியே போனால் மனம் நோகும் படத்துக்கு எங்கேயும் பிரதி வேண்டாம். பென் டிரைவுக்குப் பாஸ்வேர்டு போடுங்கள். கடையில் பிரிண்ட் எடுத்தால் அங்கேயே நின்று அழித்துவிட்டு வாருங்கள்.

பழைய பாலம், புதுப் பாலம்

திருவானைக்காவலிலிருந்து நம்பர் 1 டோல்கேட் போகும்போது கொள்ளிடத்தில் பார்த்திருப்பீர்கள். 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. ஊர் ஸ்தம்பித்ததா? இல்லை. பக்கத்தில் புதுப் பாலம் 2016-லேயே திறந்து, பஸ் எல்லாம் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் காவிரிப் பாலத்தைப் பாருங்கள். பழுது பார்க்க மூடி, 2023 மார்ச்சில் திறக்கும்வரை சத்திரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே நாம் சுற்றிச் சுற்றி வந்து பட்ட பாடு மறக்குமா? இரண்டாவது பாலத்தை வெள்ளத்துக்கு முன் கட்ட வேண்டும். வெள்ளத்தின் நடுவே கட்ட முடியாது.

கடைசியாக நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆயுத பூஜைக்கு லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அதற்கு முந்தின நாளை ஆண்டுதோறும் 'பேக்கப் நாள்' என்று வையுங்கள். லேப்பை இரண்டு மணி நேரம் திறந்து விடச் சொல்லுங்கள். தெரிந்த சீனியர் தெரியாத ஜூனியருக்குச் சொல்லித் தரட்டும். ஒவ்வொரு துறையிலும் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, இறுதியாண்டு புராஜெக்டுகளின் பிரதியை அதில் சேருங்கள். ஆண்டுதோறும் செய்த வேலையெல்லாம் போன்களோடு காணாமல் போகிறது. அடுத்த பேட்ச் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இது ஒருவர் நஷ்டம் இல்லை, நம் எல்லோர் நஷ்டமும்தான்.

ரிப்போர்ட்டை எப்படியோ நண்பர்களின் குறிப்பைப் பார்த்து எழுதி வைத்துவிட்டேன். அப்பாயியிடம் மறுபடி உட்கார்ந்தேன். "அதுக்கென்ன, இன்னொரு வாட்டி சொல்றேன்" என்று சொல்லத்தான் செய்தார். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. முதல் தடவை சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்களின் பேர்கள் இந்தத் தடவை வரவில்லை. "என்னமோ பேரு... மறந்து போச்சுய்யா" என்றார்.

அந்தப் பதினைந்து நிமிடம் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. இந்த மலரை மூடியதும் உங்கள் போனை எடுங்கள். கடைசியாகப் பேக்கப் ஆன தேதி என்ன என்று மட்டும் பாருங்கள். மற்றதை அந்தத் தேதியே உங்களுக்குச் சொல்லும்!