கிரும்பிகலின் பூந்தெருக்கள்



நகரப் பூங்கா அதிகாரியின் வேலை பூங்கா வேலியோடு முடிந்துவிடுவதில்லை. பெங்களூரே அதற்குச் சாட்சி.

குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல் 1865-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே பிறந்தவர். லண்டன் கியூ தோட்டத்தில் பணியாற்றிவிட்டு, 1893-ல் பரோடா மன்னரின் தோட்டங்களுக்கு வந்தார். 1908-ல் பெங்களூரின் லால்பாக் தோட்டம் அவர் பொறுப்புக்கு வந்தது.

ஒரு தெரு பூத்து ஓய்ந்ததும் அடுத்த தெரு பூக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அதனால் சாலைக்குச் சாலை மரம் மாறியது. மார்ச்சில் ஜகரண்டா ஊதாவாகக் கொட்டும். நிறுத்திவைத்த ஸ்கூட்டரின் இருக்கையில் கையால் வழித்துத் தள்ளும் அளவுக்குப் பூ கிடக்கும். அது உதிர்ந்து முடிவதற்குள் மயில்கொன்றை சிவக்கத் தொடங்கிவிடும். கன்று வளர்ந்து பூக்கவே ஆண்டுக்கணக்காகும். எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

1932-ல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் பெங்களூரிலேயே தங்கி, 1956-ல் அங்கேயே காலமானார். லால்பாக்கை ஒட்டிய சாலை அவர் பெயரைத் தாங்குகிறது. உள்ளே அவர் பெயரில் இருந்த பழைய மண்டபமோ சிதிலமடைந்து 2017-ல் இடிந்து விழுந்தது. மனம் வலிக்கிறது.

சாலை அகலப்படுத்த மரங்களுக்கு எண் போடும் பொறியாளர்கள் அந்தப் பூக்கும் வரிசையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

— ஒரு வாசகர், ஓசூர்